கிணற்றின் எல்லையும் மின்சாரத்தின் விலையும்

விளைச்சலுக்குரிய உஷ்ரு என்னும் கடமையைப் பற்றி ஓதாத மதரஸா மாணவர் இரார். வானம் பொழிந்தோ ஓடை பாய்ந்தோ விளைந்த பயிரில் பத்தில் ஒரு பங்கு. மனிதன் பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்த பயிரில் அதிற் பாதி, அதாவது இருபதில் ஒரு பங்கு. இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரீ ஷரீஃபில் பதிவாகியிருக்கும் இந்நபிமொழியின் காரணத்தை ஃபிக்ஹுக் கலை வல்லோர் ‘மஊனத்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். செலவுச் சுமை என்பது அதன் பொருள். கிணற்று நீர் தானாக வரப்பேறி வருவதில்லை. ஒட்டகமோ எருதோ மனிதனோ அதனை இழுத்தாக வேண்டும். இழுக்கும் உயிருக்குத் தீனி வேண்டும். அத்தீனிக்கு விலை உண்டு. அவ்விலையைக் கொடுத்தவன் யார் என்று பார்த்த பிறகே பொதுவுக்கு அவன் தரவேண்டிய பங்கு நிர்ணயிக்கப்பட்டது. எரிசக்திக் கொள்கை, பருவநிலைக் கொள்கை என்று இன்று பெரிய பெயர்களால் அழைக்கப்படுவனவற்றின் வேர் இவ்வளவு எளிய இடத்தில் இருக்கிறது. நீரை மேலே ஏற்றும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அதன் விலையை யார் தருகிறார்?

இக்கேள்விக்கு விடையை மாநாட்டுத் தீர்மானங்களில் தேடுவதைவிட ஒரு வட்டாரத்தின் கிணறுகளில் தேடுவது நலம் என்று கருதுகிறோம். கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்திலுள்ள நைனார்பாளையம் அதற்கேற்ற ஊர். (நைனார் என்ற பெயர் நம்மவரிடையேயும் உண்டு, சமணரிடையேயும் உண்டு, ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இப்போது இறங்கவில்லை.) கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் 1993 முதல் விழுப்புரம் மாவட்டம். அதற்கும் முன் பழைய தென்னார்க்காடு. வடமேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. அம்மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றை மறித்து 1965-இல் கச்சிராயபாளையத்தருகே அணை கட்டினார்கள். ஆனால் வட்டாரத்தில் அணை நீர் எட்டும் வயல்கள் சில. வானத்தையும் கிணற்றையும் நம்பிய மேட்டு நிலங்களே பல. பருத்தி, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு என்று பயிர் மாறினாலும் நம்பிக்கை மாறவில்லை. அடியிலோ கடும்பாறை. மழைநீர் மேலடுக்கில் சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்குமே தவிர, மணற்பாங்கான நிலத்தைப் போல நெடுக ஊறிப் பரவுவதில்லை. ஒரு கிணற்றின் வெடிப்பு அடுத்த கிணற்றின் வெடிப்போடு தொடர்புடையது. ஆகவே இங்கே ஒருவன் இறைப்பது அடுத்தவனுக்குத் தெரியாமல் போவதில்லை.

மின்சாரம் வருமுன் கமலை இருந்தது. கவலை என்றும் சொல்வார்கள். பெயர்ப் பொருத்தத்தை எண்ணிச் சிரிக்காத கிழவர் இல்லை. இரண்டு எருதுகள், ஒரு சால், ஒரு வடம், ஒரு சரிவுப் பாதை. எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். பின்னோக்கி நடந்து ஏற ஏறச் சால் கீழே போகும். வைகறையில் பூட்டினால் வெயில் ஏறும்போது அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு மேல் மாடு தாங்காது. மாடு தாங்கினாலும் மனிதன் தாங்கான். கிணறு ஆழமாக ஆக வடம் நீளும். வடம் நீள நீள ஒரு பொழுதில் ஏறும் சால்களின் எண்ணிக்கை குறையும். ஆகவே ஓர் அளவுக்கு மேல் கிணற்றை ஆழப்படுத்துவதில் லாபம் இல்லை. மாட்டின் களைப்பே கிணற்றுக்கு வேலியாக இருந்தது. கமலைக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் பாட வரவில்லை. மாடு இல்லாதவன் ஏற்றத்தில் மிதித்துச் செத்தான். பருவம் பொய்த்தால் ஊரே இடம் பெயர்ந்தது. ஆனால் அந்த வேலி இருந்தது என்பது வரலாறு.

வேலி இட வேண்டும் என்ற எண்ணம் சட்டத்திலும் இருந்தது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் உண்டு. மூன்றில் இரண்டு, நீரும் நெருப்பும், நம் கட்டுரைப் பொருளாகவே அமைந்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இக்கருத்தை அடியொற்றி அறிஞர்கள் கிணற்றுக்கு ‘ஹரீம்’ என்ற சுற்றெல்லையை வகுத்தனர். கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணற்றைச் சுற்றி 40 முழம். ஒட்டகம் பூட்டிப் பயிருக்கு இறைக்கும் கிணற்றுக்கு இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரின் கருத்துப்படி 60 முழம். ஊற்றுக்கு 500 முழம். அவ்வெல்லைக்குள் வேறொருவன் கிணறு தோண்டி நீரை ஈர்த்துக்கொள்ளலாகாது. பயிர்க் கிணற்றுக்கு எல்லை ஏன் அதிகம்? மிருகம் நடக்க இடம் வேண்டும், வடம் நீள இடம் வேண்டும் என்று விளக்கம் எழுதினார்கள். இறைக்கும் ஆற்றலைக் கொண்டே எல்லை அளக்கப்பட்டது என்பதை இதனால் அறியலாம்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், ஹரீம் என்பது எவருக்கும் உரிமையில்லாத தரிசில் தோண்டிய கிணற்றுக்கே பொருந்தும். தன் சொந்த நிலத்தில் தோண்டுபவனை ஹனஃபிச் சட்டம் தடுக்கவில்லை. 1869 முதல் 1876 வரை உதுமானியத் துருக்கியர் தொகுத்த மஜல்லாச் சட்டத்திலும் இவ்விதிவிலக்கு உண்டு. நிலத்தடி நீர் எவருக்கும் தனிச் சொத்தன்று என்று சொன்ன அதே நூல்தான் இவ்விலக்கையும் அளிக்கிறது. மாலிகி அறிஞர்கள் அண்டையானுக்கு விளையும் தீங்கை நோக்கிச் சற்றுக் கடுமையாகத் தீர்ப்பளித்தனர். மாடு இறைத்த காலத்தில் இந்தக் கருத்து வேறுபாட்டால் பெரிய கேடு ஒன்றும் விளைந்திருக்காது. சட்டம் விட்ட இடத்தை மாட்டின் களைப்பு அடைத்தது.

ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் வேறு திசையில் சென்றது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. குறிப்பிட்ட கால்வாயில் ஓடாமல் நிலத்தடியில் பரவிக் கிடக்கும் நீரை நிலத்துக்கு உரியவன் தன் எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம் என்ற இங்கிலாந்து நாட்டுக் கொள்கையை அது நம் மண்ணில் நட்டது. நிலம் யாருடையதோ, அடியிலுள்ள நீரும் அவனுடையது! மழை நின்று பெய்யும் குளிர் நாட்டில் பிறந்த கொள்கை, நான்கு மாதம் பெய்து எட்டு மாதம் காயும் பூமியில் என்ன செய்யும் என்பதை எவரும் அன்று உணரவில்லை. உணர்வதற்குத் தேவையான கருவி இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த கருவி மின்சாரம். சென்னை மாகாண அரசு 1932-இல் நீலகிரியில் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்களை இயக்கியது. 1957 ஜூலை முதல் நாள் மின்சார வாரியம் பிறந்தது. உணவுக்குப் பிறநாட்டுக் கப்பலை எதிர்பார்த்த காலம் அது. காமராசர் முதலமைச்சராயிருந்த ஆண்டுகளில் மின்கம்பி ஊருக்குள் வந்து விளக்கேற்றியதோடு நில்லாமல், ஊரைத் தாண்டிக் கிணற்று மேட்டுக்கும் சென்றது. வேறு மாநிலங்கள் பட்டணங்களுக்கே மின்சாரம் தர முடியாமல் திணறியபோது, தமிழ்நாடு பம்புசெட்டுகளில் முன்னணியில் நின்றது. 1950-களின் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து ஆயிரமாக இருந்த மின் பம்புகள் 1970-ஐ ஒட்டி ஐந்து லட்சம் அளவுக்குப் பெருகின. இன்று இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டன. எருது தோற்ற இடத்தில் ஐந்து குதிரைகளின் திறன் வந்து நின்றது. குதிரைக்குக் களைப்பில்லை.

இம்மின்சாரத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதும் நம் பழைய தென்னார்க்காட்டுக் கதைதான். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது நீரோடு கரிய துகள்கள் வெளிப்பட்டன. தண்ணீர் தேடிய இடத்தில் நெருப்பு கிடைத்தது! 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் நாட்டு உதவியோடு அமைந்த அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் மூடப்பெற்றது. வேறு நிலையங்கள் அங்கே தொடர்ந்து இயங்குகின்றன. பழுப்பு நிலக்கரி ஈரப்பதம் மிக்கது. வெப்பம் குறைவு, எரிந்தால் புகை அதிகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெய்வேலியில் கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த ஊற்று நீர் இருக்கிறது. அதனை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கத்தில் வேலை செய்ய இயலாது. ஆக, ஒரு பக்கம் நீரை இறைத்துக் கரி எடுக்கிறார்கள். அக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அம்மின்சாரத்தால் மறு பக்கத்தில் நாம் நீர் இறைக்கிறோம். இச்சக்கரத்தில் நிலம் இழந்த உழவர்களின் கணக்கு தனி. 2023 ஜூலையில் வளையமாதேவியில், முன்பே கையகப்படுத்திய நிலம் என்று சொல்லி, பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்களை இறக்கியதைத் தமிழ்நாடே பார்த்தது.

இனி 1970-க்கு வருவோம். அரசு பம்புசெட்டு மின்கட்டணத்தை உயர்த்தியது. யூனிட்டுக்குச் சில காசுகள்தாம். கோவை வட்டாரத்து உழவர்கள் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் எதிர்த்து எழுந்தனர். 1970 ஜூன் 19-ஆம் நாள் பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூன்று உழவர்கள் மாண்டனர். 1972-இல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகரத் தெருக்களை அடைத்து நின்றன. மின்சாரத்துக்காக நடந்த கிளர்ச்சியில் ஆயுதம் மாட்டு வண்டி! அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் மாநிலத்தின் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் பதினைந்து உழவர்கள் உயிரிழந்தனர். அவ்விடங்களுள் ஒன்று சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையம். அது கல்வராயன் மலையின் மறுபக்கத்து அடிவாரம். நைனார்பாளையத்தாருக்கு அயலூர் என்றே சொல்லலாம். ஆற்றல் விலைக்காக நம் வாசற்படியில் இரத்தம் சிந்தப்பட்டது.

சில காசுகளுக்காகவா உயிர் கொடுத்தார்கள் என்று பட்டணத்தார் கேட்டனர். அவர்கள் கேட்டது அறியாமையால். கிணற்று உழவரின் வாதம் வேறு. காவிரிப் பாசனத்தாருக்கு அரசு தன் செலவில் அணை கட்டி, கால்வாய் வெட்டி, சொற்ப தீர்வைக்கு நீரை வயலில் விடுகிறது. நாங்களோ சொந்தக் கடனில் கிணறு வெட்டி, சொந்தக் கடனில் மோட்டார் வாங்கி, மின்சாரத்துக்கும் விலை கொடுக்கிறோம். விளைந்த பொருளுக்கு விலை சொல்லும் உரிமையோ எங்களிடம் இல்லை. இதில் நியாயம் இல்லை என்று எவர் சொல்வார்? ஹாரூன் ரஷீத் கலீஃபாவுக்காக இமாம் அபூ யூசுஃப் எழுதிய கிதாபுல் கராஜ் நூலிலும் இந்தப் பாகுபாடு பேசப்படுகிறது. பெருநதிகளின் கரைகளையும் மதகுகளையும் காப்பது பைத்துல் மால் என்னும் பொதுக் கருவூலத்தின் பொறுப்பு. தன் வயலுக்கு வெட்டிக்கொள்ளும் வாய்க்கால் அவனவன் செலவு. நதிக்கரையிலுள்ளவனுக்குப் பொதுப்பணம் துணை நிற்கிறது. மேட்டு நிலத்தானுக்கு அவன் தோளே துணை. இறைத்துப் பாய்ச்சியவனுக்கு உஷ்ருவில் பாதியைத் தள்ளிக் கொடுத்ததன் நியாயமும் இதுவே. உழவர் சங்கம் கேட்டது இந்தத் தள்ளுபடியைத்தான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. பீப்பாய் மூன்று டாலராயிருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கிற்று. டீசல் எஞ்சின் வைத்திருந்த உழவர் அனைவரும் மின் இணைப்பு கேட்டு வரிசையில் நின்றனர். அதே எண்ணெய் விலை நம் இளைஞர்களை வளைகுடாவுக்கு அழைத்தது. அங்கிருந்து வந்த பணம் வீடாயிற்று, நகையாயிற்று, பலவிடங்களில் கிணறுமாயிற்று. தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் நிலத்தடி நீர் வரலாற்றை எவரேனும் எழுதப் புகுந்தால் அதில் அரபுநாட்டு எண்ணெய்க்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவருக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. மற்றவர் மோட்டாரின் குதிரைத்திறனுக்கேற்ப ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் போதும் என்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நாராயணசாமி நாயுடு காலமானார். 1990-இல் கருணாநிதி அரசு எல்லா உழவருக்கும் முழு இலவசம் வழங்கியது. 2003-இல் ஜெயலலிதா அரசு அதனை நிறுத்திக் கட்டணம் விதித்தது. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற சில நாட்களில் திருப்பிக் கொடுத்தது. அதன்பின் இன்று வரை எந்தக் கட்சியும் அதைத் தொடத் துணியவில்லை. (மின்சாரம் இலவசமானபின் உஷ்ரு பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்று நம்மிடம் கேட்டோர் உண்டு. மோட்டாரும் குழாயும் துளையும் பழுதும் இன்னும் செலவுதான் என்பதால் இருபதில் ஒன்று என்றே சொல்லி வந்தோம். ஆயினும் கேள்வி கூர்மையானது.)

குதிரைத்திறன் கணக்கும் இலவசமும் வந்த நாளில் மீட்டர் வெறும் பெட்டியாயிற்று. அங்கேதான் பழைய வேலி முற்றிலும் சாய்ந்தது. ஒரு யூனிட் அதிகம் இறைத்தால் ஒரு காசு போகிறது என்ற நினைவு உழவனின் கையை எப்போதாவது சுவிட்சிலிருந்து விலக்கியிருக்கும், அதுவும் போயிற்று. கிணறு வற்றியது, கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிட்டார்கள். அதுவும் வற்றியது, திருச்செங்கோட்டிலிருந்து துளைபோடும் லாரிகள் வந்தன. நூறு அடி, முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று இறங்கினார்கள். நீர்மூழ்கி மோட்டார் இறங்கியது. 60 முழ எல்லை பாறையின் ஆழத்தில் எங்கே செல்லும்? மேலே இரு நிலங்களுக்கு நடுவே வரப்பு இருக்கிறது; கீழே வெடிப்புகளில் வரப்பு இல்லை. ஆழத் துளையிட வசதியுள்ளவன் வீட்டுக் குழாயில் நீர் கொட்டியபோது, அடுத்த வயலில் அப்பன் பாட்டன் வெட்டிய கிணற்றில் புறா கூடு கட்டியது. அக்கிணற்றுக்காரனுக்கும் அரசு மின்சாரம் இலவசமாகத்தான் தருகிறது. அதை வைத்துக்கொண்டு அவன் எதை இறைப்பான்?

இலவசம் என்பது விலை இல்லாத பொருளன்று. விலைச் சீட்டு வேறொருவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த பொருள். இதனை நன்கு அறிந்தவன் இணைப்பு கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் உழவன். 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் வழங்கும் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மேலும் 50,000 இணைப்புகள் அறிவிக்கப்பட்டன. வரிசை அவ்வளவு நீளம். வரிசையைத் தாண்ட விரும்புவோருக்காக வாரியம் வகுத்த விரைவுத் திட்டத்தில் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. இலவச மின்சாரத்தின் நுழைவுக் கட்டணம் இரண்டரை லட்சம்! ஏழை உழவனுக்காகப் பிறந்த சலுகை எவரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை இந்த ஒரு தொகையே சொல்லிவிடும். நிலமே இல்லாத கூலிக்காரனைப் பற்றி நாம் பேசவே இல்லை.

மறுபுறம் வாரியத்தின் கணக்கு. மீட்டர் இல்லாததால் கிணறுகள் எவ்வளவு மின்சாரம் உண்டன என்பது மதிப்பீடாகவே எழுதப்பட்டது. அரசு மானியம் தரும், தொழிற்சாலைகளிடம் கூடுதல் கட்டணம் வாங்கி ஈடு கட்டுவார்கள், எஞ்சியது கடனாகும். 2010-இல் வாரியத்தின் உற்பத்தியும் பகிர்மானமும் தனி நிறுவனமாயின. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்போது அதன் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயை என்றோ கடந்திருந்தது. 2024-இல் அந்நிறுவனமும் பிரிக்கப்பட்டது. இக்கடன் முழுவதும் உழவரால் வந்தது என்பது பொய். வெளியாரிடம் அதிக விலைக்கு வாங்கிய மின்சாரமும், கம்பி வழி இழப்பும், ஆண்டுக்கணக்கில் கட்டணத்தைத் திருத்தாமல் இருந்த அரசியலும் அதிற் கூட்டாளிகள். ஆனால் அளக்கப்படாத ஒரு பெரிய பகுதி இருக்கும் வரை, எல்லாக் குற்றங்களையும் அதன் தலையில் ஏற்றுவது எளிது. அளவின்மையால் உழவனுக்கு நேர்ந்த நஷ்டங்களுள் இதுவும் ஒன்று.

நீருக்குச் சட்டம் செய்யவில்லையா? செய்தார்கள். 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் வளர்ச்சி மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. பத்தாண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-இல் நீக்கப்பட்டது. பிள்ளை பிறந்து கண் திறக்காமலே கபுருக்குப் போயிற்று. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் குறுவட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மழை ஊட்டுவதைவிட அதிகமாக இறைக்கும் வட்டங்கள்.

மழையோ முன்போல் கணக்கு வைத்துப் பெய்வதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதியளவுகூடப் பெய்யாமல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வயலும் வீடும் மூழ்கப் பெய்தது. உலகம் கரியையும் எண்ணெயையும் எரித்த புகை வானத்தில் தங்கி வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் இப்படி மாறி மாறி நேர்வது மிகுகிறது என்பது இத்துறை அறிஞர்களின் முடிவு. அப்புகையில் நெய்வேலியின் பங்கு கடுகளவு, எனினும் பங்குதான். மழை பொய்த்தால் அதிகம் இறைக்கிறோம். அதிகம் இறைக்க அதிகம் எரிக்கிறோம்.

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் 2070-க்குள் புகைக் கணக்கை நிகர பூஜ்யமாக்குவதாக இந்தியா வாக்களித்தது. 2023 டிசம்பரில் துபாயில் கூடிய மாநாடு, எண்ணெயும் கரியும் எரிப்பதிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று தீர்மானித்தது. எண்ணெயால் வளர்ந்த அரபு மண்ணில் இத்தீர்மானம் எழுதப்பட்டதை வரலாறு குறித்துக்கொள்ளும். சராசரி அமெரிக்கர் ஆண்டுக்குப் பதினான்கு டன் அளவுக்குக் கரியமிலப் புகை விடுகிறார்; சராசரி இந்தியர் இரண்டு டன். முதலில் ஆழத் துளையிட்டு நீரையெல்லாம் உறிஞ்சியவன், பிறகு துளையிட வருபவனிடம் சிக்கனம் பேசுவது நைனார்பாளையத்தில் மட்டும் நடப்பதன்று. டெல்லி அரசு உலக மேடையில் இந்த அநீதியை எடுத்துச் சொல்வது சரியே. அதே அரசு மாநிலங்களிடம் வரும்போது, 2020-லும் 2022-லும் கொண்டுவந்த மின்சாரத் திருத்த மசோதாக்களில், ஆழக்கிணற்றுக்காரனையும் வறண்ட கிணற்றுக்காரனையும் ஒரே தராசில் வைத்தது என்று உழவர் சங்கங்கள் அஞ்சின. 2020-இன் முன்வரைவில் சலுகையைப் பணமாகத் தரும் யோசனை இருந்தது. முதலில் கட்டணம் கட்டு, பின்னர் பணம் வரும் என்றால், வராத பணத்துக்கு யார் பொறுப்பு என்பது அவர்களுடைய கேள்வி. 2003-04-இன் அனுபவம் உள்ளவர்களின் அச்சத்தைக் குறை சொல்ல முடியாது.

நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பெருமாநல்லூரிலும் பெத்தநாயக்கன்பாளையத்திலும் உயிர் கொடுத்துப் பெற்ற சலுகையைச் சிறு உழவனிடமிருந்து பறிப்பது அநீதி. ஆனால் சலுகை வேறு, அளவின்மை வேறு. மீட்டர் வைத்தால் அடுத்த மாதம் பில் வரும் என்ற அச்சமே மீட்டரைப் பகையாக்கியிருக்கிறது. பஞ்சாபில் 2018-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் இன்ன அளவு மின்சாரம் இலவசம் என்று வகுத்து, அதற்குள் மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் உழவனுக்கு நான்கு ரூபாய் கொடுத்தார்கள். அங்கே மீட்டர் உழவனின் சாட்சியாயிற்று. குஜராத்தில் 2003 முதல் வயலுக்கான மின்வழியை வீட்டு மின்வழியிலிருந்து பிரித்து, நாளுக்கு எட்டு மணி நேரம் குறையாத அழுத்தத்தோடு கொடுத்தார்கள்; மாட்டின் களைப்பு செய்த வேலையைக் கடிகாரம் செய்தது. தமிழ்நாட்டில் இவ்விரண்டையும் கலந்து, சிறு உழவனுக்கு முழு அளவும், மிகுதியாக இறைப்பவனுக்கு விலையும் என்று வகுப்பது இயலாத காரியமன்று.

சூரிய பம்பு இதற்கு மாற்றாகாதா என்பார்கள். 2019 முதல் மத்திய அரசின் குசும் திட்டத்தில் அதற்கு மானியம் உண்டு. கரி எரியாது, வாரியத்துக்குக் கடன் ஏறாது, நல்லதே. ஆனால் சூரியன் பில் அனுப்புவதில்லை. கடும்பாறை நிலத்தில் நாள் முழுவதும் ஓடும் செலவில்லா மோட்டார், 1990-இன் இலவசத்தைவிட விரைவாகக் கிணற்றைக் காலியாக்க வல்லது. பம்புக்கு மானியம் தரும் அரசு, கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடைவெளியையும் துளையின் ஆழத்தையும் வரையறுத்துச் சட்டம் செய்யாவிட்டால், வானம் தப்பும், பூமி தப்பாது. ஹரீமை இப்போது முழத்தால் மட்டும் அளந்தால் போதாது. ஆழத்தாலும் நேரத்தாலும் அளக்க வேண்டும். நீக்கப்பட்ட 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடம் நிரப்பப்பட வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. பள்ளிவாசல்களுக்கு வக்ஃபாக விடப்பட்ட நிலங்கள் ஊர்தோறும் உள்ளன. பலவற்றில் கிணறும் மோட்டாரும் உள்ளன. குத்தகைதாரர் எவ்வளவு இறைக்கிறார் என்பது முத்தவல்லிக்குத் தெரியாது. வக்ஃபு நிலத்து நீர் அடுத்த தலைமுறைக்கும் உரிய அமானிதம் ஆதலால், கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து, மோட்டார் ஓடிய மணிகளோடு சேர்த்து எழுதி வைப்பது ஜமாஅத்தின் கடமைக்குள் வரும். அண்டை வயல்காரர்கள் எம்மதத்தவராயினும் அவர்களுடைய கிணறுகளையும் உடன் அளந்தால், எவர் துளை எவர் கிணற்றை வற்றச் செய்தது என்ற சண்டைக்குப் பதிலாக ஒரு கணக்கு இருக்கும். முடிச்சுப் போட்ட ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்து தை பிறந்ததும் முதல் அளவை எடுக்கலாம்.